பொழுதைத் துரத்திப் போன பரிசக்கூடை

வாய்க்கொழுப்பும் நல்ல மனசும் ஒன்றாக வாய்த்த ஆள் என்றால் திருப்புலி நாடு என்ற மலைப்பகுதியில் அது சென்றாயன்தான். மலை உச்சியில் சாமையும் மிளகும் விளைவித்தவன். எழுத்து வாசனை கிடையாது. 1934-இல் மலையை அளக்க வந்த சர்வே கூட்டத்துக்கு மூன்று மாதம் அளவுச் சங்கிலி இழுத்தான். அவர்களை நச்சரித்துக் கேட்டுத் தெரிந்துகொண்ட, சூரியனைப் பற்றிய ஒரு சங்கதி அவன் தலையில் ஏறியது. பிறகு இறங்கவே இல்லை.

"பொழுது எங்கயும் போறதில்லீங்க. நாமதான் சுத்தறோம்."

நம்பாதவர்களை அடுப்படிக்கு இழுத்துப் போவான். நாரத்தங்காயில் ஒரு மிளகைப் பதித்து, "இதுதான் நம்ம மலை" என்று சொல்லி, எரியும் அடுப்புக்கு முன்னால் காயை மெல்லத் திருப்புவான். மிளகு நெருப்பைப் பார்த்தால் பகல். முதுகு காட்டினால் ராத்திரி. "அப்படிச் சுத்துனா பானைக் கஞ்சி கொட்டாதா?" என்று ஊரே சிரித்தது. பானையும் கூடவே சுற்றுகிறது என்று அவன் சொன்னபோது இன்னும் சிரித்தது.

அதே மலையின் எடப்புளி நாட்டில், இரண்டு மலைமுகட்டுக்கு நடுவிலிருந்த பள்ளத்து ஊரில், செங்கோடனின் மகள் அத்தாயியைப் பெண் கேட்டான். "இவனுக்குப் பொண்ணக் குடுத்தா எம்பொண்ணு தலைதான் சுத்தும்" என்றார் செங்கோடன். அத்தாயியோ கட்டினால் அவனைத்தான் கட்டுவேன் என்று சோறு தண்ணி இல்லாமல் கிடந்தாள். வேறு வழியில்லாமல் அப்பன் ஒரு நாள் குறித்தார். அவர்கள் குடியில் வெயில் இருக்கும்போதே பரிசம் வாங்கிவிட வேண்டும். அன்று தவறினால் பெண் தாய்மாமன் மகனுக்கு என்றும் சொல்லிவிட்டார்.

அந்த நாளில் சென்றாயன் மேற்கு முகட்டில் நின்று வெயிலைப் பார்த்தான். பொழுது இன்னும் உயரத்தில்தான் இருந்தது. பரிசக் கூடையை எடுத்துக்கொண்டு, சின்னம்மா பாவாயியோடும் உறவினரோடும் கதை பேசியபடி இறங்கினான். பள்ளத்துக்குப் போனால் ஊர் முழுக்க நிழல். மேற்கு முகடு வெயிலை எப்போதோ மறைத்துவிட்டது. உலகத்துக்கே பகலிரவு விளக்கியவனுக்கு, ஒரு பள்ளத்தில் பகல் எப்போது முடியும் என்று யோசிக்கத் தோன்றவில்லை. எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். ஆனாலும் இது மடத்தனம்தான்.

"பொழுது போயிருச்சு. கூடையத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார் செங்கோடன்.

"போகலீங்க மாமா! இது மலையோட நிழலுதான். கெழக்கு மேட்டப் பாருங்க, வெய்யிலு அடிக்குது."

"அங்க அடிக்கட்டும். நான் இங்கதானப்பா இருக்கறேன்."

அத்தாயிதான் முன்னால் வந்தாள்.

"அப்ப அங்க போயி வாங்கிக்கலாமுங்கப்பா. வெய்யிலு வேணும்னுதான சொன்னீங்க? எங்க நின்னு வாங்கோணும்னு சொல்லலையே."

சொன்ன சொல்லிலிருந்து நழுவுகிற ஆள் இல்லை செங்கோடன். "எனக்கு முட்டி வீங்கிக் கெடக்குது. எப்படி ஏறுவேன்?" என்றார்.

சென்றாயன் கூடையைச் சின்னம்மாவிடம் கொடுத்துவிட்டு அவரைத் தோளில் தூக்கிக்கொண்டான்.

பிறகு நடந்தது ஓட்டம். கிழக்குச் சரிவில் வெயில் மேலே மேலே போக, பின்னாலேயே நிழல் ஏறி வர, நடுவில் இரண்டு குடியும் மூச்சிரைக்க ஏறின. கிழவர் வழியெல்லாம் வைதார். உச்சிப் பாறையில் கால் வைத்தபோது நிழலும் வந்து சேர்ந்தது. நின்றவர்களின் கால் மறைந்தது, இடுப்பு மறைந்தது. சென்றாயனின் முகமும் மறைந்தது.

தோள்மேல் உட்கார்ந்திருந்த செங்கோடனின் முகத்தில் மட்டும் வெயில் இருந்தது.

பாவாயி எக்கிக் கூடையை நீட்டினாள். கிழவர் இரண்டு கையாலும் வாங்கி, கண்ணைச் சுருக்கி மேற்கே பார்த்தார்.

"இன்னும் பொழுது இருக்குது" என்றார். "வாங்கிட்டேன். எறக்கி உடுங்க, மாப்ள."