சக்திவேலின் பின் சக்கரங்கள்

துணிச்சலான ஒரு மனிதனை, தான் ஒரு கோழை என்று நம்பவைத்தேன். அவன் வண்டியை நானே கெடுத்துவைத்துவிட்டு, கோளாறு அவன் காலில் இருக்கிறது என்று சொன்னேன். அவன் நம்பும்வரை திரும்பத் திரும்பச் சொன்னேன்.

ரத்தம், சாவு என்று ஏதாவது எதிர்பார்த்தீர்களா? யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. ஏமாற்றமாக இருந்தால் எழுந்து போகலாம்... உங்களைக் கையைப் பிடித்து உட்காரவைக்கும் அளவுக்கு எனக்கு உங்கள் மேல் மரியாதை கிடையாது. என் மேலும் கிடையாது.

நான் கோவைக்காரன். கணபதியில் பம்புகளுக்கு வார்ப்படம் ஊற்றும் ஃபவுண்டரி இருக்கிறது, அப்பா விட்டுப்போனது. வார நாட்களில் இரும்பு, ஞாயிற்றுக்கிழமைகளில் கார்ப் பந்தயம். ஊருக்குத் தெற்கே உள்ள ஓடுதளத்தில் எங்களைப் போன்ற பொழுதுபோக்குப் பந்தயக்காரர்கள் கூடுவோம். அந்தக் கூட்டத்தைப் பற்றி என்ன சொல்ல! மில் வீட்டு வாரிசுகள், நகைக்கடைப் பிள்ளைகள், மாமனார் வாங்கிக் கொடுத்த காரில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வரும் மாப்பிள்ளைகள்.

அகலமான டயர் போட்டால் வண்டி தரையைக் கவ்விக்கொள்ளும் என்று நினைப்பார்கள். ஸ்பிரிங்கை வெட்டி, வண்டியைத் தாழ்த்தி, பல் கிட்டும்படி குதித்துக்கொண்டு வருவார்கள். கேட்டால், "கல்லு மாதிரி இருந்தாத்தானுங்க ரேஸ் வண்டி" என்பார்கள். கல்லுக்கு ஏது பிடிப்பு? மேடு பள்ளத்தில் சக்கரம் தரையைவிட்டு எழும்பிவிட்டால், எத்தனை உசத்தியான ரப்பராக இருந்துதான் என்ன? காற்றையா பிடிக்கும்?

ஒரு கார் தரையைத் தொடுவது நான்கு உள்ளங்கை அகல ரப்பரால். அந்த நான்கும் தரையைவிட்டு எழும்பாமல் பார்த்துக்கொள்வதுதான் மொத்த வித்தை. அதற்குத்தான் டயர், ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எல்லாம். இது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது ஊருக்கும் தெரியும். சந்தேகம் என்றால் என்னிடம்தான் வருவார்கள். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவதுபோல மரியாதையாக நாலு வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டு, உள்ளுக்குள் காறித் துப்புவேன்.

அப்படி வந்தவன்தான் சக்திவேல். கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு, கொப்பரை வியாபாரம். என்னைவிடப் பத்து வயது இளையவன். ஷோரூமிலிருந்து வந்த சின்ன கார், ஷோரூமில் போட்ட அதே டயர். நான்கு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, நசுக்கிவிட்டுத்தான் ஓடுதளத்தில் இறங்கினான். நாங்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒரு நகைக்கடைப் பிள்ளை, "அடுத்தது கெடா வெட்டுங்களா?" என்று கேட்டான். சக்திவேலும் எங்களோடு சேர்ந்து சிரித்தான்.

"ஏனுங்ணா, ஒரு சுத்து பக்கத்துல உக்காந்து பாத்துச் சொல்றீங்களா? நான் ஓட்டுறது சரிதானான்னு ஒன்னும் தெரியிலீங்ணா" என்று அடுத்த ஞாயிறு என்னைக் கூப்பிட்டான்.

போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்திருக்கவே கூடாது!

அந்த ஓடுதளத்தில் வலது பக்கம் நீளமாகத் திரும்பும் ஒரு வளைவு உண்டு. அதில்தான் எல்லோருடைய சாயமும் வெளுக்கும். டயர் வழுக்கத் தொடங்குவதை இருக்கையில் உட்கார்ந்தபடியே உணர வேண்டும். டயர் கத்திய பிறகு உணர்ந்தால் தாமதம். எனக்கு அது பிடிபட வருடக்கணக்கானது. இவன்... இரண்டாம் முறையாக ஓடுதளத்துக்கு வந்த இந்தத் தேங்காய் வியாபாரி, டயர் முனகுவதற்கு முன்பே ஸ்டீயரிங்கை ஒரு நூல் தளர்த்தினான். மறுபடி ஒரு நூல் இறுக்கினான். வண்டி தண்டவாளத்தில் போவதுபோலப் போனது. அதே நேரத்தில் தோப்பில் வெள்ளை ஈ விழுந்த கதையை என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவனுக்குத் தெரியவே இல்லை, தன்னிடம் என்ன இருக்கிறது என்று. எனக்குத் தெரிந்துவிட்டது.

பொறாமை என்று அப்போது நான் அதற்குப் பெயர் வைக்கவில்லை. 'பட்டிக்காட்டான்' என்று அவனுக்குத்தான் பெயர் வைத்தேன். எலுமிச்சம்பழம் நசுக்குகிறவன் என்னை முந்துவதா? வண்டி நின்றதும், "எப்படிங்ணா?" என்று என் முகத்தைப் பார்த்தான். "பரவாயில்லீங்க தம்பி. டயரையும் ஷாக்கையும் மாத்திப்போட்டா இன்னும் நல்லா வரும். எங்க பட்டறைக்குக் கொண்டாங்க, நானே செஞ்சு தாரேன்" என்றேன்.

இப்போது கவனமாகக் கேளுங்கள். என் திறமையை நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டாமா?

மென்மையான ரப்பரில் புது டயர் இரண்டு வாங்கச் சொன்னேன். இரண்டையும் முன்னால் மாட்டினேன். "முன் சக்கரந்தானுங்க வண்டிய இழுக்குது. பின்னாடி சும்மா உருண்டு வாரதுதானே, அதுக்குப் பழசே போதும்" என்றேன். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! மாட்டு வண்டி பார்த்த எவனும் தலையாட்டுவான். பின்னால் மாட்டியது என் பட்டறை மூலையில் வெயிலில் கிடந்து இறுகிப்போன ஒரு ஜோடி. நகத்தால் அழுத்தினால் தடம் விழாது. பிறகு புது ஷாக் அப்சார்பர்கள். இறுக்கவும் தளர்த்தவும் அவற்றின் தலையில் ஒரு திருகு இருக்கும். முன்னால் இருந்ததை அளவாக வைத்தேன். பின்னால் இருந்ததைக் கடைசிவரை இறுக்கினேன்.

"பின்னாடி இருக்கற திருகை யாரும் தொட வேண்டாமுங்க. அளந்து வெச்சிருக்கேன்."

"நீங்க வெச்சதுக்கு மேல யாருங்ணா தொடப் போறா?" என்றான்.

அப்படிப்பட்ட வண்டி நேர்ச்சாலையில் சமர்த்தாகப் போகும். மெதுவான திருப்பங்களில் முன்னைவிடக் கூர்மையாகவே திரும்பும். ஓட்டுகிறவனுக்கு மகிழ்ச்சியாகக்கூட இருக்கும். வேகமான வளைவில்தான் தன் குணத்தைக் காட்டும். அங்கே ஆக்சிலரேட்டரிலிருந்து கொஞ்சம் காலை எடுத்தால் போதும், பாரம் முன்னால் சாய்ந்து பின் சக்கரங்கள் லேசாகிவிடும். நல்ல டயர் என்றால் ஒரு குலுக்கலோடு அடங்கிவிடும். இறுகிய டயரும் கல்லாக முறுக்கிய ஷாக்கும் சேர்ந்தால், வண்டியின் பின்பாதி வீசிக்கொண்டு முன்னால் வந்துவிடும்.

வந்தது. அந்த நீண்ட வலது வளைவில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, சக்திவேலின் கார் பம்பரமாகச் சுற்றிப் புல்லில் போய் நின்றது. நகைக்கடைப் பிள்ளை விசில் அடித்தான்.

நான்தான் முதலில் ஓடினேன். பெரிய மனிதன் அல்லவா! அவன் வெளியே வந்து சக்கரங்களைச் சுற்றிப் பார்த்தான். "பின்னாடி எதோ உட்டுப்போச்சுங்ணா. காலெடுத்தனுங்க, அப்படியே வாலு வந்துருச்சு" என்றான்.

சரியாகச் சொன்னான்! என்ன நடந்தது என்று அவன் உடம்புக்கு அட்சரம் பிசகாமல் தெரிந்திருந்தது. அவன் காலை எடுத்ததும் சரிதான். பிடிப்பு போகிறது என்று உணர்ந்த எந்தப் புத்தியுள்ள காலும் எடுக்கத்தான் செய்யும்.

நான் அவன் தோளில் கை போட்டேன். "வண்டியில ஒன்னுமில்லீங்க தம்பி. கால ஏன் எடுத்தீங்க? அதான். பயந்துபோட்டீங்க. அது பழகோணும்."

அவன் என் முகத்தையே பார்த்தான். பிறகு தன் வலது காலைப் பார்த்தான். அந்தப் பார்வையைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை.

அடுத்த வாரமும் சுற்றினான். அதற்கடுத்த வாரமும். தேநீர்க் கடையில் நான் எல்லோருக்கும் கேட்கும்படி, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றேன். சிரித்தார்கள். கூடத்தைக் கோணலாக்கிவைத்தவன் சொன்ன பழமொழி!

ஒரே ஒருவன் சிரிக்கவில்லை. ஜாபர். உக்கடத்தில் டயர்க் கடை வைத்திருப்பவன், எங்களோடு பந்தயம் ஓட்டுகிறவன். என்னளவுக்கு வேகம் கிடையாது, ஆனால் கண் இருந்தது. சக்திவேலிடம் போய், "நான் ஒரு சுத்து ஓட்டிப் பாக்கட்டுங்களா? பின்னாடி டயரு எனக்குச் சரியாப் படலீங்க" என்றான்.

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

சக்திவேல் என்னைப் பார்த்தான், பிறகு ஜாபரைப் பார்த்தான். "வேண்டாமுங்க பாய். தப்பா நெனச்சுக்காதீங்க. அண்ணனக் கேட்டு, அண்ணன் கைபட்ட வண்டி. இப்ப இன்னொருத்தர்கிட்டக் காட்டுனா அவருக்கு மரியாதையா இருக்காதுங்க" என்றான்.

என்ன மண்ணாங்கட்டி மரியாதை! நம் பக்கத்து ஆட்களின் இந்த நோயை நான் நன்றாக அறிவேன். ஒருவரிடம் யோசனை கேட்டுவிட்டால் அவர் மனம் கோணக்கூடாது என்பதற்காகத் தோப்பே காய்ந்தாலும் இரண்டாவது ஆளைக் கேட்க மாட்டார்கள். டாக்டர் விஷயத்தில், சம்பந்தம் பேசுவதில், கிணறு வெட்டுவதில், எல்லாவற்றிலும் இதே கதைதான். எத்தனை பேர் இதனால் கெட்டிருக்கிறார்கள்! எனக்கு அன்று அது வசதியாக இருந்தது. ஜாபர் போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனான்.

நான்காவது முறை சுற்றியபோது சக்திவேலின் வண்டி பின்பக்கமாகப் போய், ஓரத்தில் பழைய டயர்களை அடுக்கிக் கட்டிய தடுப்புச் சுவரில் மோதியது. ஆளுக்கு ஒன்றுமில்லை. இறங்கி வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"என்ற காலுக்கு இது வராதுங்ணா. மனசு போகுது, காலு பயப்படுது. உட்டுப்போடறேன். வண்டிய நீங்களே எடுத்துக்குங்க. உங்க கையில இருந்தா நல்லா இருக்கும்."

வேண்டாம் என்று ஒரு வார்த்தை... அப்போதாவது சொல்லியிருக்கலாமே, நாயே, என்று என்னை நானே கேட்காத நாள் இல்லை. எடுத்துக்கொண்டேன்.

பட்டறைக்குக் கொண்டுபோய் நான்கு சக்கரத்துக்கும் ஒரே டயர் மாட்டினேன். பின் திருகைத் தளர்த்தினேன். அரை நாள் வேலை. அந்த வண்டியில் அந்தப் பருவத்தின் கடைசிப் பந்தயத்தை நான் ஜெயித்தேன்.

சக்திவேல் வந்திருந்தான், பொள்ளாச்சியில் வாங்கிய ரோஜா மாலையோடு! எல்லோர் முன்னாலும் என் கழுத்தில் போட்டுவிட்டுச் சொன்னான்: "பாத்தீங்களாங்ணா! வண்டி மேல ஒரு கொறையும் இல்ல. எல்லாம் நம்மகிட்டத்தான் இருந்துருக்குது." அவன் முகத்தில் நிம்மதி இருந்தது. தன் கோழைத்தனம் சாட்சியோடு உறுதியாகிவிட்ட நிம்மதி. நான் மாலையைக் கழற்றவில்லை. படம் எடுத்தார்கள், சிரித்தேன்.

இப்போது நான் பந்தயம் ஓட்டுவதில்லை. திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள், முதுகு வலி. அந்த நகைக்கடைப் பிள்ளைகளையும் மாப்பிள்ளைகளையும் இன்றும் எனக்குப் பிடிக்காது. ஆனால் அவர்களில் எவனும் தெரிந்தே இன்னொருவன் பின் சக்கரத்தில் கை வைத்ததில்லை. அவர்களை வெறுக்கும் யோக்கியதைகூட எனக்கு மிஞ்சவில்லை என்பதுதான் எரிச்சல்.

இதை ஏன் இப்போது சொல்கிறேன்? போன மாதம் கிணத்துக்கடவுக்குப் போனேன். சக்திவேல் கூப்பிட்டிருந்தான். அவன் மகள் கயல் கோவையில் பொறியியல் படிக்கிறாள். கல்லூரிப் பிள்ளைகள் சேர்ந்து சின்னதாக ஒரு பந்தய வண்டி கட்டியிருக்கிறார்கள். ஓட்டுவதற்கு ஆள் எடுக்கச் சோதனை வைத்தபோது, பையன்கள் எல்லோரையும்விட இவள்தான் வேகமாக வந்திருக்கிறாள். அப்பன் சம்மதிக்கவில்லை. நான் வந்து புத்தி சொல்ல வேண்டுமாம்.

இலையில் சோறு விழுந்தது. சக்திவேல் எனக்கு எதிரில் உட்கார்ந்து மகளிடம் சொன்னான்: "கண்ணு, நான் சொன்னாக் கேக்க மாட்டே, பெரியப்பாவக் கேளு. நம்ம காலு பயந்த காலு. அப்பனுக்கு இருக்கறது மகளுக்கும் இருக்கும். சமயத்துல காட்டிக்கொடுத்துப்போடும். உனக்கு ஒன்னு ஆச்சுன்னா நானும் அம்மாளும் என்ன பண்றது?"

அந்தப் பெண் அப்பனிடம் திரும்பவில்லை. என்னையே பார்த்தாள். அவள் கண்ணில் கெஞ்சல் எதுவும் இல்லை.

"பெரியப்பா, நீங்கதான் கூட இருந்து பாத்தீங்களாம். எங்கப்பா நெசமாலுமே பயந்துட்டாருங்களா? எனக்கு அது மட்டும் தெரியோணுங்க."

ஒரு சொல் போதும். 'இல்லை' என்ற ஒரே சொல். அவளுக்கு வண்டி கிடைக்கும்; அவனுக்கு அவன் கால் திரும்பக் கிடைக்கும். எதிரில் சக்திவேலும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை வருடம் கழித்தும், நான் வேறு ஏதாவது சொல்லிவிட மாட்டேனா என்று அவன் முகத்தின் ஒரு மூலை காத்திருந்தது... சத்தியமாகக் காத்திருந்தது! அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் பேசினேன்.

"அப்பா சொல்றதக் கேளுங்க அம்மணி. படிப்பப் பாருங்க."

அவள் எழுந்து உள்ளே போனாள். சக்திவேல் தலையைக் குனிந்துகொண்டு, "ரசம் ஊத்திக்குங்ணா" என்றான். நான் ஊற்றிக்கொண்டேன்.