அன்றைக்குக் கூடையில் என்ன இருந்தது

பூவம்மாவுக்கு உட்காரத் தெரியாது. காசிமேட்டில் நாற்பத்தைந்து வயதுவரை அவள் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. விடியுமுன் ஏலத்தில் நின்று மீன் எடுப்பாள். டெம்போவில் திருவொற்றியூர் போகிற கால் மணி நேரம் மட்டும் உட்காருவாள். அப்புறம் காலடிப்பேட்டையில் தெருத் தெருவாகக் கூவி விற்றுவிட்டு வீட்டுக்கு வந்தால், எதையாவது கழுவிக்கொண்டே நிற்பாள். சோறுகூட நின்றபடிதான். இப்படிப்பட்டவளை விபத்துக் கோர்ட்டு வாசல் பெஞ்சில் இரண்டு வருஷம் உட்கார வைத்தார்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்காரனை அவள் எப்படியெல்லாம் திட்டியிருப்பாள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நடந்தது இதுதான். தொண்ணூற்றொன்பதாம் வருஷம், பிப்ரவரி மாதம் பத்தொன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை. சவரிநாதனின் டெம்போவில் முன்சீட்டில் போய்க்கொண்டிருந்தாள். காலை ஐந்தரை மணி. எதிரே ஒரு கார் தப்புப் பக்கமாக ஏறி வந்தது. சவரிநாதன் வண்டியை ஒடித்தான். ஓரமாக நிறுத்தியிருந்த கன்டெய்னர் லாரியின் பின்பக்கத்தில் டெம்போ போய்ச் செருகியது. கார் நிற்கவேயில்லை. பூவம்மாவின் வலது முழங்கால் நொறுங்கியது. கூடை ரோட்டில் கவிழ்ந்து, மீன் போன இடம் தெரியவில்லை.

மத்தியானம் வாக்குமூலம் வாங்க ஆஸ்பத்திரிக்குப் போலீஸ்காரர் வந்தார். பூவம்மா தன் காரியத்தைத் தானே கெடுத்துக்கொண்டது அப்போதுதான்.

சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்பது சட்டம். ஆனால் மீன்காரப் பெண்கள் கூடையை மட்டும் அனுப்பிவிட்டுப் பின்னாலேயே ஓடவா முடியும்? கூடைக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்துக் கூடவே ஏறிக்கொள்வார்கள். வழியில் போலீஸ் மறித்தால் அத்தனை பேரும் ஒரே பாட்டைப் பாடுவார்கள்: "எங்க அண்ணன் வண்டி சார். சும்மா ஏறிகினோம். கூடையெல்லாம் அவுருது." பதினைந்து வருஷமாகச் சொல்லிச் சொல்லி அது பூவம்மாவின் வாயில் ஊறிப் போயிருந்தது. ஊசி போட்ட மயக்கத்தில் காக்கிச் சட்டை கண்ணில் பட்டதும், கேள்வி முடியுமுன்பே பதில் வந்துவிட்டது. சவரி எனக்கு அண்ணன் மாதிரி, சும்மாதான் ஏறினேன், கூடை என்னுது இல்லை. போலீஸ்காரர் எழுதினார். அவள் ரேகை வைத்தாள்.

சவரிநாதனுக்கு வம்பு வரக்கூடாதே என்று சொன்ன பொய். அவனோ மூன்றாம் நாள் பக்கத்து வார்டிலேயே செத்துப்போனான். பாவி, நல்ல மனுஷன்.

வியாசர்பாடி வக்கீல் அசோகன்தான் விஷயத்தை உடைத்துச் சொன்னார்.

"சொந்தச் சரக்கோட போனவங்களுக்கு அடிபட்டா வண்டியோட இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்தாகணும்மா. ஓசியில ஏறினவங்கன்னா ஒண்ணும் கிடையாது. நீங்க ஓசியில ஏறினதா நீங்களே சொல்லியிருக்கீங்க."

"அது போலீசுக்கு சொல்றது சார். எல்லாரும் சொல்றதுதான்."

"கம்பெனிக்காரன் அதைத்தான் பிடிச்சிக்கினு தொங்கறான். கூடை உங்களுதுன்னு காட்டணும். பில் எதுனா கீதா?"

மீனுக்கு யார் பில் கொடுத்தார்கள்? ஏலக்காரரிடம் போய்க் கேட்டாள். "தினம் முந்நூறு கூடை தள்ளிகினு கீறேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நீ இன்னா எடுத்தேன்னு நான் இன்னாத்தக் கண்டேன்?" என்றார் அவர். அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. கூட வருகிற பெண்களோ அன்றைக்கு முதல் நடையிலேயே போய்விட்டார்கள். அடுத்த நடையில் இவள் ஒருத்திதான்.

அந்த நஷ்டஈடு வந்தால்தான் பூவம்மாவுக்குக் கால். ஆபரேஷன் இலவசம், ஆனால் உள்ளே வைக்கிற செயற்கை மூட்டு மட்டும் வெளியே விலைக்கு வாங்கித் தர வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகள் ஷாலு தையல் கம்பெனியில் வாங்குகிற சம்பளம் வாடகைக்கும் சோற்றுக்கும் சரியாகப் போயிற்று. கட்டையை ஊன்றிக்கொண்டு பூவம்மாவால் பத்து நிமிஷம் நிற்க முடியும். அப்புறம் வலி உயிர் போகும். உட்கார்ந்தாலோ மனசு நிற்காது. எழுந்து வாசல்வரை போவாள், திரும்புவாள், பானையைத் திறந்து பார்ப்பாள், மறுபடி வாசலுக்குப் போவாள்.

"எம்மா, சித்த நேரம் குந்தேன். பாக்கிற எனக்கே தலை சுத்துது," என்பாள் ஷாலு.

"குந்திகினே செத்துப் பூடுவேன் போலகீதுடி," என்பாள் இவள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே அந்தப் பயம் அவளைப் பிடித்து ஆட்டியது.

வக்கீலைப் பார்க்க வாரத்துக்கு மூன்று தரம் போனாள். ஒருநாள் அவரே பொறுமை இழந்து கேட்டார். "அன்னிக்கு ஏம்மா நீங்க மட்டும் முதல் நடையில போகல?"

"பால்சுறாவுக்காக நின்னேன் சார். போட்டு கரைக்கு லேட்டா வந்துச்சி."

"யாருக்கு?"

காலடிப்பேட்டை ரஹீமுன்னிசாவுக்கு. பதினைந்து வருஷ வாடிக்கை. அவள் மருமகள் லுப்னாவுக்கு அப்போது பிரசவம் ஆகிப் பத்து நாள். குழந்தைக்குப் பால் போதவில்லை, பிள்ளை கத்திக்கொண்டே இருக்கிறது, நாளைக்கு எப்படியாவது பால்சுறா கொண்டுவா, பால் ஊறப் புட்டு செய்து போடணும் என்று முதல்நாள் சொல்லி அனுப்பியிருந்தாள்.

அசோகன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "இதை ஏம்மா இவ்ளோ நாளா சொல்லல? பிள்ளையோட பிறந்த சர்டிபிகேட்ல தேதி இருக்கும். அந்தம்மா வந்து ஒரு வார்த்தை சொன்னா போதும்."

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. விபத்துக்குப் பிறகு காலடிப்பேட்டையிலிருந்து யார் யாரோ வந்து பார்த்தார்கள். இட்லிக்கடைக்காரி பழம் வாங்கி வந்தாள். பெயர் தெரியாத ஒரு வாத்தியார்கூட வந்தார். ரஹீமுன்னிசா மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. அந்த வீட்டுக்கு மீன் கொண்டுபோகும்போதுதான் கால் போனது, அவர்களுக்கு அது உறைக்கவேயில்லை என்று பூவம்மாவுக்கு மனசு வெந்து போயிருந்தது.

இப்போது மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் போனாள். லுப்னா வாசலுக்கு வந்து, மாமி ஊருக்குப் போயிருக்கிறார் என்றாள். இரண்டாம் தடவை போனபோது மாமிக்கு உடம்பு முடியவில்லை. மூன்றாம் தடவை திரைக்குப் பின்னால் ஆள் நிற்பது தெரிந்தது. பூவம்மாவுக்கு எங்கிருந்துதான் வந்ததோ கோபம், தெருவிலேயே நின்றுகொண்டு குரலை உயர்த்திவிட்டாள்.

"பாயம்மா, நீ உள்ளதான் கீற, எனுக்குத் தெரியும். பதினஞ்சி வருஷம் நான் கொண்டாந்த மீனத் தின்ன. உன்னாண்ட நான் காசா கேட்டேன்? நடந்தத வந்து சொல்லுன்னுதானே கேக்கறேன். புதங்கெழமை கோர்ட்டு. வந்தா வா, வராங்காட்டி போ."

திரை அசையவில்லை. அவள் கட்டையை ஊன்றிக்கொண்டு திரும்பி நடந்தாள். வழியெல்லாம் அழுதாள்.

புதன்கிழமை கோர்ட்டுத் தாழ்வாரத்தில் அவள் நடந்த நடை இருக்கிறதே, அந்தக் கட்டைச் சத்தம் தாங்காமல் டவாலி இரண்டு தரம் வந்து உட்காரச் சொன்னார். பதினொன்று அடித்தது, பன்னிரண்டும் ஆனது. வக்கீல் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை அவள் பார்த்தாள். படிக்கட்டுக்கும் கதவுக்குமாக எத்தனை தடவை போய் வந்தாள் என்று கணக்கில்லை. பன்னிரண்டரைக்குப் படியில் கறுப்பு பர்தா ஒன்று தெரிந்தது. பின்னாலேயே லுப்னா, இடுப்பில் குழந்தை. ரஹீமுன்னிசா இவள் பக்கம் திரும்பாமலேயே உள்ளே போனாள்.

கூண்டில் ஏறி, கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னாள். ஆமாம், பால்சுறா சொல்லியிருந்தேன். ஆமாம், அன்றைக்கு மீன் வரவில்லை. பிறந்த சர்டிபிகேட்டை ஜட்ஜ் வாங்கிப் பார்த்தார். பூவம்மாவுக்கு மூச்சு கொஞ்சம் நிதானத்துக்கு வந்தது.

அப்போது கம்பெனி வக்கீல் எழுந்தார். சின்ன வயசு, நல்ல பேச்சு.

"ஏம்மா, மீன்காரம்மா வராத நாள் அதுக்கு முன்னாடி இருந்ததே இல்லையா?"

"இருந்துச்சி."

"அந்தத் தேதியெல்லாம் சொல்லுங்க பார்ப்போம்."

"தெரியாது."

"அப்ப இந்த ஒரு நாள் மட்டும் எப்படி ஞாபகம் இருக்கு? யார் சொல்லிக் கொடுத்தாங்க?"

ரஹீமுன்னிசா கூண்டின் கட்டையைப் பிடித்தாள். ஜட்ஜ், "பதில் சொல்லுங்கம்மா," என்றார்.

"யாரும் சொல்லிக் குடுக்கல சாப். அன்னிக்கு பிள்ள பாலு இல்லாம கத்திகினே இருந்துச்சி. நானு வாசலுக்கும் உள்ளுக்குமா நடந்துகினு கீறேன், இவ வரல. பத்து மணி ஆச்சி. எனுக்கு வயிறு எரிஞ்சி, நடுத்தெருவுல நின்னுகினு, அவ காலு ஒடிஞ்சி போவன்னு வாய வுட்டேன். பக்கத்து வூட்டு ஜனமெல்லாம் கேட்டுகினு நின்னுச்சி. சாயங்காலம் சேதி வருது, பூவம்மா காலு ஒடிஞ்சி ஆஸ்பத்திரில கெடக்கறான்னு." பர்தா நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்த நாள எப்பிடி மறப்பேன் சாப்? ரெண்டு வருஷமா தொழுவற பாய்ல குந்தினா அதான் ஞாபகம் வருது. எந்த மூஞ்சிய வெச்சிகினு அவளப் போய் பாக்கறது?"

டைப் அடிக்கிறவர் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "சொன்னதை அப்படியே அடிங்க," என்றார் ஜட்ஜ். கம்பெனி வக்கீல் வேறொன்றும் கேட்கவில்லை.

தீர்ப்பு இரண்டு மாசம் கழித்து வந்தது. சொந்தச் சரக்கோடு போனவள்தான், கம்பெனி கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். பிற்பாடு மூட்டும் வைத்தாயிற்று. ஆனால் பூவம்மாவின் வழக்கு முடிந்தது அந்தப் புதன்கிழமைதான், வெளித் தாழ்வாரத்தில்.

ரஹீமுன்னிசா தூண் ஓரமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பூவம்மா கட்டையை ஊன்றிக்கொண்டு அவளிடம் போனாள். என்ன ரகளை ஆகப் போகிறதோ என்று லுப்னா குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"பாயம்மா, நீ எத்தினி மணிக்கு சொன்னே?"

"பத்து இருக்கும்."

"சரியா சொல்லு. பத்துதானா?"

"பத்துதான். ரேடியோ பாடிகினு இருந்துச்சி."

"என் காலு அஞ்சரைக்கே ஒடிஞ்சிட்டுதுமே," என்றாள் பூவம்மா.

ரஹீமுன்னிசா திரும்பிப் பார்த்தாள். ஐந்தரை என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். இன்னொரு தரம் சொன்னாள். பிறகு அப்படியே பெஞ்சில் சரிந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பூவம்மா கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் அழுது முடிக்கிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.