ஸ்டெல்லாவின் மூன்று தட்டு: ரந்தாவுக்கு ஒரு சனிக்கிழமை

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை மாலை ஸ்டெல்லா அழைத்தாள். "சனிக்கிழமை சும்மாதானே இருக்க? ரந்தாவ் வரியா? பந்து பொறுக்கிப் போட ஆள் வேணும் லா."

ரந்தாவில் நாங்கள் பிறந்த தோட்டத்தின் தமிழ்ப்பள்ளியில் நாங்கள் இருவரும் ஒரே வலைப்பந்துக் குழு. அவள் வளையத்தில் பந்து போடுவாள். நான் பெரும்பாலும் பொறுக்கிக் கொடுப்பேன். இப்போது இருவருக்கும் இருபத்தொன்பது வயது. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவளுக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பு, அந்தச் சனிக்கிழமை மூன்று மணிக்குச் சிரம்பானில் நடந்த மாநிலக் குழுத் தேர்வு. இதை விட்டால் இனி கூப்பிட மாட்டார்கள். இரண்டு மாதமாக அவள் போடும் பந்து வளையத்துக்குள் சரியாக விழவில்லை. காலையில் பழைய திடலில் போட்டுப் பார்க்கலாம் என்றாள்.

கோலாலம்பூரிலிருந்து 6.20 ரயில். சிரம்பானுக்கு ஒன்றரை மணி நேரம், 8 ரிங்கிட் 70 சென். நிலையத்தில் ஸ்டெல்லா பந்தோடு நின்றாள். அங்கிருந்து ரந்தாவ் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர்; வாடகைக் காருக்கு 26 ரிங்கிட்.

ஓட்டுநர் கண்ணாடியில் பந்தைப் பார்த்தார். "டீச்சருங்களாம்மா?"

"இல்லண்ணே, விளையாடப் போறோம்," என்றேன்.

"ரெண்டே பேரா? எதிராளி யாரு?"

"என் முட்டிதாண்ணே," என்றாள் ஸ்டெல்லா. அவர் திடல் வரும்வரை சிரித்துக்கொண்டே ஓட்டினார்.

நாங்கள் பிறந்த, தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகள் இருந்த இடத்தில் செம்பனை வரிசையாக நிற்கிறது. எது எங்கள் வீடு என்று மரங்களை எண்ணிப் பார்த்தேன், பிடிபடவில்லை. பள்ளியும் திடலும் மட்டும் அப்படியே இருக்கின்றன. ஸ்டெல்லா முன்பே அனுமதி கேட்டிருந்ததால் வாசலில் காவல் பார்க்கும் ஜாகா கேட்டைத் திறந்துவிட்டார்.

நான்காம் ஆண்டில் படித்தபோது ஸ்டெல்லா ரந்தாவ் சீனப் பள்ளியில் கூடைப்பந்து பார்த்தாள். அங்கே பந்து போடுவதற்கு முன் மூன்று முறை தரையில் தட்டினார்கள். இவளும் அப்படியே பழகினாள். பந்து சொன்னபடி விழுந்தது. மாவட்டப் போட்டியில் அவள் தட்டியதும் நடுவர் ஊதிவிட்டார். வலைப்பந்தில் அப்படித் தட்டிப் பிடிக்கக் கூடாது என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. தட்டுவதை நிறுத்தினாள், ஒரு வாரம் ஒன்றும் விழவில்லை. பிறகு அவளே ஒரு வழி கண்டாள். பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு இடது குதிகாலால் மூன்று தட்டு. பந்து மறுபடி விழத் தொடங்கியது.

ஒரே வரிசையில் ஆரம்பித்துப் பழகினால், உடம்பு அந்த ஆரம்பத்தையும் எறிதலையும் ஒன்றாகவே கற்றுக்கொள்கிறது என்று பிற்பாடு படித்தேன். எனக்கு அது புதிய செய்தியாக இல்லை.

9.10க்கு ஆரம்பித்தோம். முதல் இருபதில் ஆறுதான் விழுந்தது. அறுவை சிகிச்சை நடந்ததும் அதே இடது காலில்தான்.

"தட்டும்போது வலிக்குதாடி?"

"வலிக்கல. வலிக்குமோன்னு பாக்குறேன்."

முன்பு அந்த மூன்று தட்டும் அவள் மனதைக் காலியாக்கும். இப்போது அதே தட்டு முட்டியை நினைவூட்டியது. எனக்கு அது உடனே புரிந்திருக்க வேண்டும். ஆனால் நான், "இன்னும் கொஞ்சம் தட்டிப் பாரு, வந்துடும்," என்றேன். அடுத்த இருபதில் ஐந்து.

ஸ்டெல்லா பந்தைக் கீழே வைத்தாள். "உனக்கு அதைப் பாக்க ஆசையா இருக்கு. எனக்குப் பந்து விழணும்."

பந்தை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவள் சொன்னது சரி. அந்தப் பழைய மூன்று தட்டைப் பார்க்கத்தான் விடியுமுன் எழுந்து வந்திருந்தேன்.

பிறகு அவள் வேறு ஒன்றை முயன்றாள். விரல்களால் பந்தின் தையல் கோட்டைத் தேடுவது, வளையத்தின் பின்விளிம்பைப் பார்ப்பது, மூச்சை விடுவது, எறிவது. எல்லாம் மூன்று வினாடிக்குள் முடிய வேண்டும், அதுதான் விதி. ஒன்றை விட்டுவிட்டால் எறியாமல் முதலிலிருந்து தொடங்கினாள்.

"ஏம்மா, போட்டுட வேண்டியதுதானே, எதுக்குப் பந்தைத் தடவிக்கிட்டே இருக்கீங்க?" என்று கேட்டார் ஜாகா.

"புதுப் பழக்கம்ணே. பிடிக்க நேரமாகும்."

பதினொரு மணிக்குக் கடைசி இருபதில் பதின்மூன்று விழுந்தது. சிரம்பான் திரும்பி, லோபாக் கடைத்தெருவில் ரொட்டி சானாய் சாப்பிட்டோம். அவள் பாதியை வைத்துவிட்டாள்.

தேர்வில் ஆளுக்குப் பத்து பந்து. நான் வளையத்துக்கு நேர் பின்னால் வேலியோரம் நின்றேன். முதல் இரண்டும் வெளியே போயின. மூன்றாவதற்குப் பந்தை வாங்கியவள் என்னைப் பார்த்தாள். இடது குதிகால் லேசாக எழுந்தது. நான் தலையசைத்திருந்தால் தட்டியிருப்பாள். திரும்பி நடந்து, கழிப்பறைச் சுவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அங்கிருந்து ஒன்றும் தெரியவில்லை. திரும்பி வந்தபோது அவள் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். மிச்சமிருந்த எட்டில் ஏழு விழுந்திருந்தது. தேர்வானவர்கள் பட்டியலின் கடைசிப் பெயர் அவளுடையது, மாற்று ஆட்டக்காரராக.

"எங்கடி போன?" என்றாள்.

"பாத்ரூம்."

"நல்லவேளை."

ரயிலில் அந்த ஒரு சொல் கொஞ்சம் உறுத்தியது. சந்தோஷமாகவும் இருந்தது.

போக விரும்புபவர்களுக்கு: திடலில் நிழல் இல்லை, பத்து மணிக்குள் வேலையை முடித்துவிடுங்கள். ரந்தாவிலிருந்து திரும்ப உடனே கார் கிடைக்காது. வரும்போதே ஓட்டுநரிடம் பேசி வையுங்கள். பள்ளியில் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். தேர்வுக்குப் போகும் தோழிக்குத் துணையாகப் போனால், காலையில் எத்தனை பந்து வேண்டுமானாலும் பொறுக்கிக் கொடுங்கள். மதியம் அவள் கண்ணில் படாத இடத்தில் நில்லுங்கள்.