சுகுணாவின் குடும்ப நடை

நார்த்தாமலைப் பக்கம் உள்ள எங்கள் இயற்கைக் காப்பகத்தில் மாதத்தின் முதல் ஞாயிறு காலை ‘குடும்ப நடை’ உண்டு. முன்னால் போய்ப் பறவை காட்டுகிறவள் சுகுணா. கேட்டில் டிக்கெட் கிழித்துவிட்டு, பிள்ளைகள் யாரும் பாறையிடுக்கில் தங்கிவிடாமல் பார்த்துக்கொண்டு பின்னால் வருகிறவள் நான், திலகவதி.

சுகுணா ஒரு சட்டம் வைத்திருந்தாள். ஒரு குடும்பத்துக்கு ஒரே பைனாகுலர்தான். கெஞ்சினாலும் இன்னொன்று தரமாட்டாள். வீட்டில் முகம் கொடுத்துப் பேசாதவர்கள்கூட இங்கே வந்தால், “அங்கிட்டுப் பாருங்க, அந்தக் காரைப் புதருக்கு மேல” என்று கைமாற்றிக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். பறவையைக் காட்டிவிட்டு அவள் அந்தக் குடும்பங்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பார்வையில் இருந்த ஏக்கம் எனக்குத் தெரியும்.

அவள் புருஷன் திருமுருகன் குவைத்தில் லாரி ஓட்டுகிறார். லீவில் வந்தால் கல்யாணம், காதுகுத்து, போன தடவை போக முடியாமல் போன துக்க வீடுகள் என்று ஊரே அவரைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஒரு குடும்ப நடைக்கும் அவர் வந்ததில்லை. எங்கள் ஆபீசர் ஒருமுறை அவளுக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்து, “ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானே வளரும்மா” என்றார்.

“வளந்துருச்சு சார். அதான் பயமா இருக்கு” என்றாள் சுகுணா. மகள் கலைமதி இப்போது எட்டாவது படிக்கிறாள்.

இந்த முறை பொங்கலுக்கு வந்தவர் திங்கட்கிழமை திரும்பிப் போக வேண்டும். அதற்கு முந்தின நாள்தான் எங்கள் நடை. அன்றைக்குப் பார்த்து அரிமளத்தில் பங்காளி வீட்டுக் காதுகுத்து. போகாவிட்டால் கோபித்துக்கொள்வார்களே என்று அவர் இழுத்தபோது, “கோவிச்சாக் கோவிக்கட்டும்ங்க. எனக்கு இந்த ஒரு காலை வேணும்” என்றாளாம். வந்துவிட்டார். புதுச் சட்டை, பளபளக்கும் ஷூ. சூரை முள்ளுக்குக் கொண்டாட்டம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

குடும்பத் தலைவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுத்தான் பைனாகுலர் கொடுப்பாள். “நல்லதம்பி குடும்பம், வாங்க.” எல்லாரும் வாங்கிப் போன பிறகு திருமுருகன் நின்றார். சுகுணாவுக்கு வாய் வரவில்லை. எங்கள் பக்கம் புருஷன் பெயரைச் சொல்கிற வழக்கம் இன்னும் வந்தபாடில்லை.

“சொல்லு, சொல்லு” என்று இடுப்பில் இடித்தேன்.

“கலைமதி குடும்பம்” என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

ஆனால் காட்டுக்குள் போன பிறகு அப்பனும் மகளும் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்த வேற்றாட்கள் போல நடந்தார்கள். “நல்லாப் படிக்கிறியா?” என்றார். “ம்.” கொஞ்சம் கழித்து, “கால் வலிக்குதா?” என்றார். அதற்கும் “ம்ஹும்” மட்டும்தான். முன்னால் பேசிக்கொண்டு போன சுகுணாவின் குரல் அடிக்கடி தடுமாறியது.

பாறைச் சரிவில் ஒரு கொண்டலாத்தி வந்து இறங்கியது. தலைக் கொண்டையை விசிறியாக விரித்தது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அந்த நேரம் பார்த்துத் திருமுருகனின் சட்டைப் பையில் போன் அலறியது. பறவை பறந்துவிட்டது.

கூப்பிட்டது கலைமதி. நாலடி தள்ளி, அம்மாவின் போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். மாதாமாதம் எங்களோடு வருகிறவள், நல்லதாக எதைக் கண்டாலும் குவைத்துக்கு வீடியோ கால் போட்டு அப்பாவுக்குக் காட்டுவாள். பழகின கை, தன் பாட்டுக்குச் செய்துவிட்டது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். எனக்கும் வந்த சிரிப்பு அவள் முகத்தைப் பார்த்ததும் செத்துப்போனது.

திருமுருகன் கட் பண்ணவில்லை. எடுத்தார். பக்கத்தில் நின்றவளைப் பார்க்காமல் திரையைப் பார்த்தார்.

“சொல்லு கலை. என்னத்தப் பாத்த?”

“அப்பா! கொண்டலாத்திப்பா! கொண்டைய விரிச்சுச்சு. நீங்க பாத்தீங்களா?”

“பாத்தேன்டா. போன மாசம் காட்டுனியே, அதுவா?”

“அய்யோ, அது செம்போத்துப்பா!”

ஒவ்வொரு சொல்லும் வாயிலிருந்து ஒரு தடவையும் போனிலிருந்து ஒரு தடவையும் கேட்டது. காலையிலிருந்து வாயில் முத்து உதிராத பெண் இப்போது மூச்சு விடாமல் பேசினாள்.

சுகுணாவின் கண் நிறைந்துவிட்டது. “அக்கா, இவங்களக் கூட்டிக்கிட்டுப் போங்க. வாரேன்” என்றாள்.

மற்ற குடும்பங்களை ஓட்டிக்கொண்டு போனேன். வளைவில் மனம் கேட்காமல் திரும்பிப் பார்த்தேன். இருவரும் இன்னும் போனை வைக்கவில்லை. சுகுணா மகள் பக்கம் போய், திருமுருகன் கையிலிருந்த அந்தச் சின்னத் திரைக்குள் தன் முகமும் தெரியும்படி சாய்ந்து நின்றாள்.