தண்டல் திருப்பிக் கொண்டுவந்த கல்

என் வீட்டு வாசலில் ஒரு கருங்கல் கிடக்கிறது. இரண்டு கையும் சேர்த்துத் தூக்க வேண்டிய கல். எங்கள் தெரு மணல் தெரு. சைக்கிளை நிறுத்தினால் ஸ்டாண்டு புதைந்து வண்டி சாயும். அதனால் ஸ்டாண்டுக்கு அடியில் அந்தக் கல்லைப் போட்டிருக்கிறேன். முன்பு அதன்மேல் என் சைக்கிள் நின்றது. இப்போது என் இளைய மகளின் சைக்கிள் நிற்கிறது. அவளும் அவள் சேக்காளிகளும் காலையில் சும்மா சைக்கிள் மிதிக்கப் போகிறார்கள். மாசி, பங்குனி வந்தால் தினமும் போகிறார்கள். எங்கே போனோம், எதைப் பார்த்தோம் என்று போனில் படம் போட்டு ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்கிறார்கள். போன வாரம் ஒரு படத்தை என்னிடம் காட்டினாள். கடலுக்குள் நீளமாகப் போகும் கல் சுவர். அதன் முன்னால் சைக்கிளோடு நிற்கிறாள். "நல்லாருக்காப்பா?" என்றாள். நல்லாருக்கு என்றேன். நம் வாசல் கல்லும் அந்தச் சுவரில் கிடந்ததுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. எனக்குப் பேச்சு குறைவு. அதனால் எழுதிவைக்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நான் ஆற்றுப் பக்கத்து ஊர்க்காரன். வயலில் பிழைப்பு இல்லாமல் தூத்துக்குடிக்கு வந்து தோணியில் மூட்டை சுமந்தேன். அந்தக் காலத்தில் பெரிய கப்பல் கரைக்கு வராது. கரையோரம் ஆழம் இல்லை. கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியும் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். தோணிதான் சரக்கைக் கொண்டுபோகும், கொண்டுவரும். பஞ்சுப் பொதி போகும், கோதுமை மூட்டை வரும். எங்கள் தோணிக்குத் தலைவர் தண்டல். தோணியை நடத்துகிறவருக்கு அதுதான் பட்டம். திரேஸ்புரத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும். கட்டை உருவம், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. தோணி முதலாளியுடையது. ஆனால் அதைத் தண்டலின் தோணி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சமைக்கிற பண்டாரி ஒருவன் உண்டு. வாய்க்காரன். அவன் இருந்தால் மற்றவன் பேச வேண்டியதில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது.

தண்டல் சாயங்காலமானால் குடிக்கிறவர். ஆனால் விபூதிப் புதன் வந்துவிட்டால் பாஸ்கு, அதாவது ஈஸ்டர், வரைக்கும் தொடமாட்டார். தவசுக் காலம் என்று அவர்கள் அதைச் சொல்வார்கள். கறியும் இல்லை, குடியும் இல்லை. குடிக்காத சாயங்காலத்தை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியாது. வீட்டில் உட்கார்ந்தால் சண்டை வரும். அதனால் சைக்கிளை எடுத்துக்கொண்டு காத்து வாங்கப் போவார். வருஷத்தில் அந்த நாட்களுக்கு மட்டும்தான் அவர் சைக்கிள் வெளியே வரும். மற்ற நாளெல்லாம் சாக்குப் போர்த்திக் கிடக்கும். நானும் வாடகைச் சைக்கிள் ஒன்றை எடுத்துக்கொண்டு கூடப் போவேன். பண்டாரிக்கு ஓட்டத் தெரியாது. என் கேரியரில் ஏறிக்கொள்வான். ஏறிக்கொண்டு என்னையே ஏசுவான். "ஏலே, என்ன மிதி மிதிக்க? எருமை மேயுத மாதிரில்லா போகுது. அண்ணாச்சிய பாரு, கெழவன் பறக்காரு." தண்டல் திரும்பாமலே சொல்வார்: "கெழவன்னா சொல்லுத? நாளைக்கு ஒன்ன நடக்க வச்சிட்டுப் போயிருவோம், பாத்துக்க."

போகிற இடம் எப்போதும் ஒன்றுதான். தெற்கே, உப்பளத்தின் நடுவே போகும் ரோடு. அதன் முடிவில் புதுத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர் கட்டிக்கொண்டிருந்தார்கள். லாரி லாரியாகக் கல் கொண்டுவந்து கொட்டுவார்கள். சாயங்காலம் வேலை நின்றிருக்கும். சைக்கிளைச் சாய்த்துவிட்டு, கொட்டிய கல்லின்மேல் ஏறி உட்காருவோம். இந்தப் பக்கம் அலை அடிக்கும். அந்தப் பக்கம் தண்ணீர் தட்டில் வைத்தது போலக் கிடக்கும். தண்டலுக்கு அதைப் பார்த்து அலுக்காது. "பாத்தியாலே, கடல ரெண்டா பிரிச்சிட்டான்" என்பார். கடலில் பிறந்து வளர்ந்தவர். கடல் மனுஷன் சொன்ன பேச்சைக் கேட்டு நிற்பதை அங்கேதான் முதலில் பார்த்தார் போல.

மறுநாள் காலை மற்ற தோணிக்காரர்கள் கேட்பார்கள், நேற்று சுவர் எதுவரைக்கும் வந்தது என்று. அதைச் சொல்வது தண்டலுக்குப் பெருமை. அவரே கட்டுகிற மாதிரி சொல்வார். கேட்டவர்களும் சந்தோஷமாகத்தான் கேட்டார்கள். ஊருக்கு நல்லது வருகிறது என்ற நினைப்பு. கப்பல் கரைக்கே வந்துவிட்டால் தோணிக்கு என்ன வேலை என்று ஒருவன்கூடக் கேட்கவில்லை. அத்தனை பெரிய துறைமுகம், நிறையக் கப்பல் வரும், எல்லோருக்கும் சோறு இருக்கும் என்று நினைத்தோம்.

ஒருநாள் தண்டல் வழியில் சைக்கிளை நிறுத்தினார். லாரியிலிருந்து சிதறிய கல் ஒன்று ரோட்டோரம் கிடந்தது. அதைத் தூக்கிக் கேரியரில் வைத்துக் கட்டினார். சுவருக்குப் போனதும் அதைக் கொண்டுபோய்த் தண்ணீர் ஓரத்தில் போட்டார். "நம்ம கல்லும் ஒண்ணு கெடக்கட்டும்ல. தவசுக்கு ஒரு புண்ணியம்." அன்றிலிருந்து அது வழக்கமானது. தினம் சைக்கிளுக்கு ஒரு கல். என் கேரியரில் பண்டாரி இருப்பதால் என் கல் அவன் மடியில் இருக்கும். "பிள்ளைத்தாச்சி மாதிரி ஆக்கிட்டியளே" என்று வழி நெடுகப் புலம்புவான். அங்கே இருந்த வாட்ச்மேன் எங்களைப் பார்த்தாலே சிரிப்பார். "வந்துட்டாங்கய்யா காண்ட்ராக்டருமாரு." அந்தத் தவசுக் காலம் போல நான் சிரித்தது பிறகு இல்லை. வெயில் ஏறாத பங்குனி. இடது கைப்பக்கம் கடலிலிருந்து கொண்டல் காற்று. உப்புப் பாத்திகளில் சிவந்த வானம். மூன்று பேருக்கும் கவலை என்று ஒன்றும் இல்லை.

துறைமுகம் திறந்தது. கப்பல் சுவருக்குள்ளே வந்து மேடையோடு அணைந்தது. நாங்களும் பார்க்கப் போனோம். தண்டல் புதுச் சட்டை போட்டிருந்தார். கிரேன் ஒன்று ஒரே தூக்கில் சரக்கு வலையை எடுத்துக் கரையில் வைத்தது. அதைச் சுமக்க எங்கள் ஆட்களுக்கு அரை நாள் ஆகும். தண்டல் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "வாங்கல போவோம்" என்றார். 

உடனே எல்லாம் நின்றுவிடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நின்றது. வாரம் முழுக்க இருந்த வேலை வாரத்தில் இரண்டு நாள் ஆனது. பிறகு மாதத்தில் இரண்டு நாள். சில தோணிகளுக்கு இலங்கைக்குப் போகும் அக்கரைச் சரக்கு கிடைத்தது. எங்கள் தோணி பழையது, தூரம் போகாது. பழைய துறைமுகத்தில் கட்டிக் கிடந்தது. சுமை ஆட்கள் ஒவ்வொருவராக உப்பளத்துக்குப் போனார்கள். நானும் பகலில் உப்பு வாரினேன். முதலாளி கெட்டவர் இல்லை. தண்டலைக் கூப்பிட்டுச் சொன்னார்: "பாஸ்கு வரைக்கும் பாப்போம் வே. அதுக்குள்ள வேலை வந்தா சரி. இல்லாட்டி வெலைக்குக் குடுத்துருதேன். என்னால இழுக்க முடியல." பழைய தோணியை விலைக்கு வாங்குகிறவன் ஓட்டுவதற்கு வாங்கமாட்டான். உடைப்பதற்குத்தான்.

அந்த வருஷம் விபூதிப் புதனன்று சாயங்காலம் தண்டல் என் குடிசைக்கு முன்னால் சைக்கிள் மணி அடித்தார். நான் எதிர்பார்க்கவில்லை. அதே ரோட்டில் போனோம். இப்போது துறைமுகத்துக்குக் கேட் போட்டிருந்தார்கள், பாஸ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். ஆனால் சுவரின் அடிப்பக்கம், கரையில் தொடங்கும் இடம், மணல் வழியாகப் போகலாம். தண்டல் அங்கே போய் நின்று வெளிக்கடலைப் பார்த்தார். உள்ளே இடம் இல்லாமல் கப்பல் வெளியே நின்றால் சரக்கு இறக்கத் தோணியைக் கூப்பிடுவார்கள் என்பது அவர் கணக்கு. ஒன்றும் நிற்கவில்லை. அவர் குனிந்தார். சுவர் ஓரத்தில் ஒரு கல்லை அசைத்து எடுத்தார். கேரியரில் வைத்துக் கட்டினார்.

"என்ன அண்ணாச்சி இது?" என்றேன்.

"தோணி சும்மா கெடந்து உருளுதுலே. வயித்துல பாரம் இல்ல. இப்பிடியே உருண்டா பலகை விட்டுரும். நாளைக்குக் கூப்பிட்டாமுன்னா ஓடணுமில்லா?"

"மணலை அள்ளிப் போட்டா பாரம் ஆவாதா?" என்று பண்டாரி கேட்டான். தண்டல் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கினார்.

"இது நம்ம போட்ட கல்லு இல்லையே" என்றேன்.

"எல்லாம் ஒரே மலைதாம்ல" என்றார்.

தினமும் போனோம். தினமும் கடலைப் பார்த்தார். தினமும் ஒரு கல் எடுத்தார். அந்தப் பழைய வாட்ச்மேன் ஒருநாள் வந்துவிட்டார். "என்ன வே தண்டலு, குடுத்தத திருப்பி வாங்குதீரா?" என்றார், பழைய சிரிப்போடு. தண்டலின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "சரி சரி, ஒண்ணு ரெண்டுன்னா எடுத்துக்கிடும். பெரிய ஆபீசர் வார நேரம் மட்டும் வராதியும்" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். தண்டலின் வீட்டம்மா என்னிடம் வருத்தப்பட்டாள். "தம்பி, வீட்டுல ஒல வைக்க வழியில்ல. இந்த மனுசன் கல்லு சொமந்துட்டு வாராரு. நீயாவது சொல்லப்படாதா?" நான் என்ன சொல்வேன். அவர் அந்த ஒரு மணி நேரம்தான் மனுஷனாக இருந்தார்.

ஒரு சாயங்காலம் வெளிக்கடலில் இரண்டு கப்பல் நின்றது. விளக்குப் போட்டிருந்தது.  தண்டல் விரலை நீட்டினார். பண்டாரி கல்லின்மேல் ஏறிக் குதித்தான். "அண்ணாச்சி, ரெண்டு! ரெண்டு நிக்கு!" அன்று கல் எடுக்காமலே திரும்பினோம். தண்டல் சின்னப் பையன் மாதிரி கையை விட்டு ஓட்டினார். "ஏலே பண்டாரி, காலைல சட்டிய கழுவி வையி. ஆளுகளுக்குச் சோறாக்கணும்" என்று கத்தினார். காலையில் மூன்று பேரும் தோணியில் இருந்தோம். பாய்மரத்துப் பாயைப் பிரித்துக் காயப்போட்டிருந்தோம். உச்சி வெயில் வரைக்கும் யாரும் கூப்பிடவில்லை. பிறகு கப்பல் இரண்டும் மெதுவாகச் சுவருக்குள் போயின. உள்ளே இடம் காலியாவதற்காகக் காத்து நின்றிருக்கின்றன, அவ்வளவுதான். பண்டாரி கழுவிய சட்டியைக் கவிழ்த்து வைத்தான். தண்டல் பாயைச் சுருட்டினார். ஓரம் ஓரமாக நீவி, ஒழுங்காகச் சுருட்டினார்.

பாஸ்கு கழிந்த மறுநாள் உடைக்கிற ஆட்கள் வந்தார்கள். தோணியைக் கரையில் இழுத்துப் போட்டு, முதலில் வயிற்றிலிருந்த கற்களை எடுத்து மணலில் எறிந்தார்கள். "எந்தக் கோட்டிக்காரன்ல கல்ல நெறச்சி வச்சிருக்கான்?" என்று ஒருவன் கேட்டான். தண்டல் பக்கத்தில்தான் நின்றார்.  பலகை தனி, ஆணி தனி என்று பிரித்தார்கள். கோடாலி விழுந்த ஒவ்வொரு தடவையும் தண்டலின் கண் மூடித் திறந்தது. அதைத் தவிர ஒன்றும் இல்லை. தவசு முடிந்திருந்தும் அவர் குடிக்கப் போகவில்லை. போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கற்கள் மணலில் குவியலாகக் கிடந்தன. துணி துவைக்க ஒருத்தி எடுத்துப் போனாள். அடுப்புக்கு மூன்றைப் பண்டாரி எடுத்தான். நான் ஒன்று எடுத்தேன்.

அடுத்த வருஷம் மாசியில் தண்டலை மீன் சந்தைப் பக்கம் பார்த்தேன். அந்தச் சைக்கிளின் கேரியரில் சாக்குச் சுற்றிய ஐஸ் பாளம். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மீன் கடைகளுக்கு ஐஸ் கொண்டுபோகிற வேலை. உருகுவதற்குள் போய்ச் சேர வேண்டும். அவர் நிற்கவில்லை. நான் கூடவே கொஞ்ச தூரம் ஓடினேன்.

"அண்ணாச்சி, தவசு வந்துட்டே. சாயந்தரம் வாரீரா?"

அவர் மிதித்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"எங்கல போக?" என்றார்.

அதன்பிறகு அவரை நான் பார்த்தது குறைவு. கடைசிக் காலத்தில் பெரியதாழையில் மகள் வீட்டில் இருந்தார் என்று பண்டாரி சொன்னான். அங்கேயும் கடல் உண்டு. கடற்கரைப் பக்கமே வரமாட்டாராம்.

நாங்கள் கல் போடாவிட்டாலும் அந்தச் சுவர் வந்திருக்கும். லாரி லாரியாகக் கொட்டியதில் எங்கள் கல் எம்மாத்திரம். அவர் எடுத்தாலும் அது குறையவில்லை. அதுவும் எனக்குத் தெரியும். இந்த ஊரில் எத்தனையோ பேர் அந்தத் துறைமுகத்தால் சோறு தின்கிறார்கள். என் மகளும்தான் தின்கிறாள், அங்கே ஒரு ஆபீசில் வேலை. நான் யாரையும் குறை சொல்லவில்லை. குறை சொல்ல ஆள் இருந்தால் தண்டலுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இன்று காலையும் மகள் கிளம்பினாள். "ஒருநாள் எங்ககூட வாங்களேம்ப்பா, மெதுவா போவோம்" என்றாள். முழங்கால் வலி என்றேன். "இந்தக் கல்ல தூக்கிப் போட்டுட்டு சிமிண்டு போட்டுருவோமா? கால் இடிக்கி" என்றாள். கெடக்கட்டும் என்றேன். அவள் சைக்கிளை இறக்கி உருட்டிக்கொண்டு போனாள். தெருமுனையில் சேக்காளிகள் மணி அடித்தார்கள். எல்லோரும் தெற்கே திரும்பினார்கள். கல் வாசலில் கிடந்தது, அதன்மேல் ஒன்றும் இல்லாமல்.