படத்தில் வெளுத்த கட்டம்

எண்பதுகளின் நடுவில், மலேசியாவில் கோலசிலாங்கூருக்கு வடக்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தேன். ஆபீஸ் படிகள் ஒன்பது. அவற்றைக்கூட தினமும் எண்ணித்தான் ஏறுவேன். அப்படிப்பட்ட நான் இல்லாத நூற்றெண்பது மரங்களைப் பேரேட்டில் எழுதி வைத்திருந்தேன். அந்த ஒன்றரை ஏக்கர் எங்கள் இடுகாடு. வெற்று நிலம் என்று தெரிந்தால் தோட்ட மேலாளரான துரை எடுத்துக்கொள்வாரோ என்று பயம்.

பழைய மரங்களைச் சாய்த்து எண்ணெய் தரும் செம்பனை நடும்படி உத்தரவு வந்தபோது என் பொய்யே வினையாயிற்று. ஏட்டில் மரம் உள்ள இடமெல்லாம் புல்டோசர் போகும். உண்மையைச் சொன்னால் வேலை போகும். பதினொரு நாள் வாய் திறக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் தலைநகரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். விண்வெளிப் பொறியியல் கற்பிப்பவர். சூரியனிலிருந்து வரும் துகள்கள் மேல்வானத்தை எப்படிக் கலைக்கின்றன என்பது அவருடைய ஒரு ஆராய்ச்சி. செயற்கைக்கோள் எடுத்த படத்தைத் தரையோடு ஒப்பிட்டு வரைபடம் செய்வது இன்னொன்று. எங்கள் தோட்டத்துக்கும் ஒன்று செய்து தருவதாகத் துரையிடம் சொல்லியிருந்தார். என் மேசையில் படத்தை விரித்தார். அந்த வகைப் படத்தில் மரம் சிவப்பாகத் தெரியுமாம்; ரப்பர் எல்லாம் சிவப்பாக இருந்தது.

"கிராணி, இந்த ஒரு கட்டம் மட்டும் ஏன் வெளுத்திருக்கு? உங்க கணக்குல மரம் இருக்கே?"

"மேகமா இருக்கும் சார்."

"மேகம்னா பக்கத்துல நிழல் விழணும்லா. உங்க ஏடு சரின்னா என் படம் பொய். வாங்க, நடந்து பாத்துருவோம்."

எழுநூற்றுப் பன்னிரண்டு எட்டு எண்ணி நடந்தேன். போய் நின்றதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"எத்தன பேரு இங்க?"

"அறுபத்து மூணு சார்."

அவர் தாமே சுற்றி எண்ணி வந்தார். "அறுபத்து நாலு வருதே? அந்தச் செம்பருத்திக்குக் கீழ ஒரு சின்ன மேடு."

எட்டு மாதமே இருந்த என் மகள்.

"அத நான் எண்ணுறதில்ல சார்."

அவர் தம் குறிப்பேட்டைத் திறந்து அந்த மேட்டையும் குறித்துக்கொண்டார். பிறகு, "மரம்னு என்னால எழுத முடியாதுங்கய்யா. இடுகாடுன்னுதான் போடுவேன். ஆனா துரைகிட்ட நீங்க முதல்ல சொல்லிடுங்க" என்றார்.

அன்றே சொன்னேன். துரை கத்தினார். என்னை ஆபீஸிலிருந்து ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகைக்கு மாற்றினார். அங்கே படிகள் மூன்று. ஆனால் இடுகாட்டை விட்டுவிடச் சம்மதித்தார். புல்டோசர் வரைபடத்தின் கோட்டோடு திரும்பிப் போனதை நின்று பார்த்தேன்.

அந்தக் கட்டத்துக்குள் எண்ணிக்கையை என்னையே எழுதச் சொன்னார் பேராசிரியர். அறுபத்து நான்கு என்று எழுதினேன்.