செல்லபாய் வீட்டில் எறும்பு கிடையாது

மாலை ஆறேகாலுக்கு ஜன்னல்களை ஒவ்வொன்றாக அடைக்கிறார் செல்லபாய். அடைத்துக் கொக்கி மாட்டி, சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், அடுக்களை மூலையில் என்று பூச்சி ஸ்பிரே அடித்துக்கொண்டே போகிறார். ஆறரைக்குக் குடும்ப ஜெபம். அதே அடைத்த அறையில், பாய் விரித்து.

“மருந்தடிச்சா ஜன்னலைத் திறக்கணும்” என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

“திறந்தா மருந்து பூராவும் வெளிய போவாதா? ரோட்டுக்கா அடிக்கியேன்?” என்றார்.

கேரள எல்லையில், பனச்சமூட்டிலிருந்து இரண்டு வளைவு தள்ளி வீடு. பக்கத்து வீடு என்னுடையது. சந்தையில் அவர் காய்கறி வாங்குவதைப் பார்க்க வேண்டும். கிழக்கேயிருந்து லாரியில் வந்த கத்தரிக்காயை முகர்ந்துவிட்டு, “எல்லாம் பாண்டி விஷம் ஆக்கும்” என்பார். பாண்டி என்பது மலையாளிகள் தமிழ்நாட்டுக்காரர்களை இளக்காரமாகச் சொல்வது. இவர் அதைத் தமிழில்தான் சொல்வார். வீட்டுக்குக் கொண்டுபோய் மஞ்சளும் உப்பும் வினிகரும் கலந்த தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறப்போடுவார். ஊறுகிற பாத்திரத்தை எறும்பு மொய்க்காதிருக்க, அவர் கணவர் ரெத்தினதாஸ் வாழைக்குப் போட்டு மிச்சம்வைத்த குருணை மருந்தைச் சுற்றிலும் தூவுவார்.

விஷம் என்பது எல்லை தாண்டி லாரியில் வருவது. கடையில் காசு கொடுத்து வாங்கியது மருந்து. “அதுல எலுமிச்சை வாசம் உண்டு, கேட்டீரா? விஷத்துக்கு எதுக்குவே வாசம்?” ஸ்பிரே டப்பாவில் ‘குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்’ என்று அச்சடித்திருக்கிறது. அப்படியே கடைப்பிடிக்கிறார். டப்பா அலமாரி உச்சியில். அதற்குள் இருந்தது மட்டும் தரையில்.

மகள் ஜின்சி நர்ஸ். எறணாகுளத்தில், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளின் வார்டில் வேலை. தலைப்பிரசவத்துக்கு ஏழாம் மாதம் கூட்டிவர நாள் குறித்தாயிற்று. பேரப்பிள்ளையை ஒரு கொசு தொட்டுவிடக் கூடாதே? சிதலுக்கு, அதாவது கறையானுக்கு, மருந்தடிக்கும் ஜெயசிங்கை வரச்சொல்லி, பிரசவ அறையை மூலை விடாமல் அடிக்க ஏற்பாடு செய்தார். அந்தச் சந்தோஷத்தை மகளுக்குப் போனில் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவதுதான் வழக்கம். எனக்கும் கேட்டது.

“வேண்டாம்மா. வயத்துல பிள்ள இருக்கப்பவும் பிறந்த பிறவும் வீட்டுக்குள்ள மருந்தடிச்சா, பிள்ளைக்கு ரத்தத்துல கேன்சர் வர வாய்ப்பு கூடுதலுண்ணு ஆராய்ச்சி செஞ்சவிய சொல்லியாவ. எல்லாருக்கும் வரும்ணு இல்ல. வாறது அபூர்வம் தான். ஆனா நமக்கு எதுக்கு?”

“நீ வயத்துல கிடந்தப்ப நான் அடிக்காத மருந்தா? உனக்கு என்னட்டி வந்துது?”

“வராத வீட்டுல எல்லாரும் இதத்தான் சொல்லுவாவ. எனக்க வார்டுல இருக்கிய அம்மாமாருக்கு அப்படிச் சொல்ல முடியாது. மருந்தடிச்சா நான் வரல்ல. இங்கயே பெத்துக்கிடுவேன்.”

போன் வைக்கப்பட்டது. “இவள நர்சிங் படிக்க வச்ச என்னச் சொல்லணும்” என்று செல்லபாய் சுவரிடம் சொன்னார். தலைப்பிரசவத்துக்கு மகள் வராவிட்டால் சர்ச்சில் பத்துப் பேர் பத்து விதமாகக் கேட்பார்கள். அது போகட்டும். பேரப்பிள்ளையை முதலில் கையில் வாங்குவது வேறு யாரோ ஆகிவிடும். அதுதான் அவரை அசைத்தது. அரை மணி நேரத்தில் ஜெயசிங்குக்குப் போன் போயிற்று: “எலே, நீ வராண்டாம்.”

குருணை மருந்தும் ஸ்பிரே டப்பாவும் அன்றே வீட்டைவிட்டுப் போயின. சோப்புத் தண்ணீரால் தரையை மூன்று முறை கழுவினார். சுவர் ஓட்டைகளை ரெத்தினதாஸ் சிமெண்டால் அடைத்தார். கொசுவலை வந்தது. எறும்பும் வந்தது.

சொன்ன நாளில் ஜின்சி வந்தாள். தோள் பையை இறக்காமல் அறை வாசலிலேயே நின்று மோந்து பார்த்தாள். சோப்பு வாசம்தான். அப்போது பார்த்துச் சுவரில் ஒரு கரப்பான் இறங்கி வந்தது. நன்றாகக் கொழுத்தது. நடுச்சுவரில் நின்று மீசையை ஆட்டியது. ஜின்சி அதைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தாள்.

செல்லபாய் வெறுங்கையால் ஓங்கி ஒரே அடி அடித்தார். அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, மற்றக் கையை மகளின் பைக்கு நீட்டினார்.

“ஏறி வா மக்கா.”